ரோஸ் கலருக்கு இங்கிலீஷ்ல என்ன?

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அக்கா போன் பண்ணினால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். சொந்தத்தில் யாராவது மண்டையைப் போட்டிருப்பார்கள். இல்லை, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்திருக்கும்.

"டேய், நாளைக்கு ஆரஞ்சு டேயாம்டா!"

இரண்டாவதுதான்.

அக்கா இருப்பது போடி. நான் தேனி. நடுவில் 15 கிலோமீட்டர். இந்த 15 கிலோமீட்டருக்குள் ராத்திரி ஒன்பதே காலுக்கு, நாலரை வயசுப் பெண் குழந்தைக்கு ஆரஞ்சு கலர் கவுன் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அக்கா எதிர்பார்க்கிறாள். பி.காம். படித்தவன் இதைக்கூடத் தெரிந்து வைத்திருக்கவில்லை என்றால் எப்படி?

கல்யாணமாகாத, குழந்தை குட்டி இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் இங்கிலீஷில் கலர் சொல்லித் தர ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ரெட் டே. அன்றைக்கு வாண்டுகள் சிவப்பு டிரஸ், சிவப்பு ரிப்பன், டிபன் பாக்ஸில் தக்காளி சாதம். மிஸ்ஸும் சிவப்புப் புடவை. வரிசையாக நிற்க வைத்து போட்டோ. அடுத்தது யெல்லோ டே, எலுமிச்சை சாதம். கிரீன் டே, புதினா சாதம். ப்ளூ டேக்கு என்ன சாதம் கட்டுவது என்று அக்கா கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரஞ்சுக்கு வருவோம். அது கார்த்திகை மாசம். கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற கூட்டத்தை நம்பி எங்கள் பக்கத்து ஜவுளிக் கடைகள் முழுக்கக் கறுப்பு, நீலம், காவி. மச்சான் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்த ஒரு கடையில் கெஞ்சி, காவித் துண்டு ரெண்டு வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவை எழுப்பி, பதினொன்றரை மணிக்கு கவுன் ரெடி. மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் குழந்தையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாப்பா மலைக்கு மாலை போட்டிருக்கா?" என்றாராம்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை வாண்டின் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. 'கலர்ஸில் வீக். கண் டெஸ்ட் செய்து பார்க்கவும்.'

கூடவே ஒரு வொர்க்ஷீட். பத்துக்கு நாலு.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பெண் குழந்தை, கண்ணில் குறை, நாளைக்கு எவன் கட்டுவான் என்கிற வரைக்கும் ஒரே மூச்சில் போய்விட்டாள். நாலரை வயசு, சார்! மச்சான், "எங்க வம்சத்துல யாருக்கும் கண்ணுல கோளாறு கிடையாது" என்று ஒரு வார்த்தை விட்டார். அப்புறம் அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மட்டும்தான் எரிந்தது என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை தேனியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். புள்ளி புள்ளியாக வட்டப் படங்கள் உள்ள புத்தகத்தைத் திறந்தார். 1917இல் இஷிஹாரா என்ற ஜப்பான் டாக்டர் உண்டாக்கிய டெஸ்ட் அது. வேலைக்குப் போகும்போது மெடிக்கலில் உங்களில் சிலரிடம்கூட, "உள்ளே என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டிருப்பார்கள். நம்பர் தெரியாத குழந்தைகளுக்கு என்று அதிலேயே வளைந்து வளைந்து போகும் கோடுகள் உண்டு. வாண்டு விரலை வைத்துக் கோட்டின் மேலேயே ரயில் விட்டது. ஒரு இடத்தில்கூடத் தடம் புரளவில்லை.

"பொண்ணுக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாம இருக்கணும்னா, பொதுவா அம்மா வழியிலயும் வரணும், அப்பாவுக்கும் அந்தக் குறை இருக்கணும்" என்றார் டாக்டர். "ஐரோப்பாவில் எடுத்த கணக்குப்படி ஆம்பளைங்கள்ல பன்னிரண்டு பேருக்கு ஒருத்தர், பொம்பளைங்கள்ல இருநூறு பேருக்கு ஒருத்தர்." மச்சானைத் திரும்பிப் பார்த்து, "என்ன வேலை பார்க்கறீங்க? சிக்னல்லாம் சரியாத் தெரியுதா?"

மச்சான் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் போய், சாயங்காலம் இறக்கிவிடுவார்.

"போடிமெட்டு ரோட்டுல சிக்னல் எங்க டாக்டர் இருக்கு? கொண்டை ஊசி வளைவுதான் பதினேழு இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டு, கலர் கலராக நாலு டம்ளர், நாலு மூடி எடுத்து மேஜையில் வைத்தார். "எதுக்கு எது மூடி?" வாண்டு நொடியில் மூடியது. "இது என்ன கலர்?" என்று ஒரு டம்ளரைக் காட்டிக் கேட்டார். வாண்டு முழித்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு, "ரெட்... யெல்லோ... கிரீன்..." என்று பாட்டு மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்தது.

"கண்ணு பிரமாதமா இருக்கு. பேருதான் ஒட்டலை" என்றார் டாக்டர். ஃபீஸ்கூட வாங்கவில்லை.

இந்த ஒட்டாத விவகாரம் போடி யு.கே.ஜி.யில் மட்டும் நடப்பதல்ல. சார்லஸ் டார்வினுக்கே நடந்திருக்கிறது. தன் பிள்ளைகளுக்குச் சுற்றியிருக்கிற சாமான்கள் பெயர் எல்லாம் தெரிகிறதே, கலர் பெயர் மட்டும் தப்புத் தப்பாகச் சொல்கிறார்களே, நிறக்குருடோ என்று மனுஷர் பயந்துபோனதை 1877இல் எழுதியிருக்கிறார். அப்புறம் சரியாகிவிட்டது. பரிணாமத்தையே கண்டுபிடித்தவர் பயந்திருக்கும்போது எங்கள் அக்கா அழுததில் தப்பில்லை.

ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது? குழந்தையின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். 'நாற்காலி' என்றால் தொடலாம், ஏறலாம், விழலாம். 'ரெட்' என்றால் எதைத் தொடுவது? மிஸ் ஆப்பிள் படத்தைக் காட்டி 'ரெட்' என்கிறார். போன வாரம் இதே படத்தைக் காட்டித்தான் 'ஆப்பிள்' என்றார். இப்போது இதற்கு இரண்டு பெயரா? இல்லை, செல்லப் பெயரா? சார்ட்டில் சிவப்புக்கு எப்போதும் ஆப்பிள், மஞ்சளுக்கு எப்போதும் வாழைப்பழம் என்றிருந்தால், 'ரெட்' என்பது ஆப்பிளின் இன்னொரு பெயர் என்று குழந்தை நினைத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

2010இல் மைக்கேல் ராம்ஸ்கர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் இரண்டு வயசுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 'ரெட் பலூன்' என்று சொல்லிப் பழக்கிய குழந்தைகளைவிட, 'பலூன் இஸ் ரெட்' என்று சொல்லிப் பழக்கியவை நன்றாகத் தேறின. முதலில் பலூன் என்று சொல்லிவிட்டால் குழந்தையின் கண் பலூனில் போய் நிற்கிறது. அப்புறம் ரெட் என்றால், 'ஓகோ, இந்தப் பலூனில் இருக்கிற ஏதோ ஒரு சமாச்சாரம்' என்று தேட ஆரம்பிக்கிறது. முதலிலேயே ரெட் என்றால் எங்கே பார்ப்பது என்றே தெரியாமல், பலூன் வந்ததும் ரெட்டை மறந்துவிடுகிறது. இங்கிலீஷ்காரனுக்கு இது சங்கடம். அவன் சாதாரணப் பேச்சில் கலர் பெரும்பாலும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கு 'சட்டை சிவப்பு' என்றால் வாக்கியமே முடிந்தது.

இனி அந்த வொர்க்ஷீட். சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அதைப் பிரித்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பத்துக்கு நாலுகூட வராது என்று தோன்றியது.

முதல் கேள்வி: 'வாட் கலர் ஆர் கிரேப்ஸ்?' வாண்டின் பதில் பிளாக். தப்பு. கிரீனாம்.

ஐயா, இது தேனி மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்று அதற்குச் சீமைப் பெயர். 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ போய், "திராட்சை என்ன கலர்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கறுப்பு" என்பார்கள். பச்சைத் திராட்சை என்றால் எங்களுக்கு ஒன்று வெளியூர்ச் சரக்கு, இல்லை இன்னும் பழுக்காதது.

இரண்டாவது கேள்வி, வாழைப்பழம். வாண்டு எழுதியது கிரீன். சரியான விடை யெல்லோ. இங்கே ஜி-9 வாழைத் தார்கள் லாரி லாரியாகப் போகின்றன. அதைக் கடையில், 'பச்சைப் பழம்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இந்தப் பெயரைக் கொஞ்சம் யோசியுங்கள். பச்சை என்றால் பழுக்காதது. பழம் என்றால் பழுத்தது. இரண்டையும் ஒட்டி ஒரு பெயர் வைத்து, டஜன் கணக்கில் வாங்கித் தின்கிறோம். பக்கத்திலேயே செவ்வாழை தொங்குகிறது. வாழைப்பழம் என்ன கலர் என்று எங்கள் ஊர்ப் பெட்டிக் கடைக்காரரைக் கேட்டால், "எது வேணும்?" என்பார்.

அடுத்தது பிங்க். ஒரு தாமரைப் பூ படம். வாண்டின் பதில் 'ரோஸ்'.

இதில் எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது. தமிழ்நாட்டில் எந்தத் தாயாராவது ஜவுளிக் கடையில் போய், "அந்த இளஞ்சிவப்புப் புடவையை எடுங்க" என்று கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ரோஸ் கலர் என்பார்கள். ரோஸே இங்கிலீஷ்தான். இங்கிலீஷ்காரனிடம் வாங்கி, நாமாகக் கலருக்குப் பெயர் வைத்துக்கொண்டோம். குழந்தை இங்கிலீஷ் வார்த்தையில்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் அது நம்ம ஊர் இங்கிலீஷ். அதனால் மார்க் கிடையாது.

பிரவுனுக்கு 'காப்பி' என்று எழுதியிருந்தது. காப்பிக்கலர்! பாடப் புத்தகத்தில் பிரவுனுக்குத் தமிழ் பழுப்பு. எனக்குப் பழுப்பு என்றதும் மரத்தில் மஞ்சளாகிப்போன இலைதான் ஞாபகம் வருகிறது. ப்ளூவுக்கு வயலட் என்று எழுதியிருந்தது. அதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ப்ளூ என்றால் ஊதா. புத்தகத்தில் ஊதா என்றால் வயலட். பாட்டி சொன்ன ஊதாவையும் புத்தகம் சொன்ன வயலட்டையும் வாண்டு சரியாகக் கூட்டிக் கழித்து விடை போட்டிருக்கிறது. கணக்குப் பாடமாக இருந்தால் ஸ்டெப் மார்க்காவது கொடுத்திருப்பார்கள்.

1969இல் பெர்லின், கே என்று இரண்டு அமெரிக்கர்கள் உலகத்து மொழிகளில் கலர் பெயர்களை எல்லாம் அலசி ஒரு புத்தகம் போட்டார்கள். எந்த மொழியிலும் முதலில் வருவது கறுப்பு, வெள்ளை. அடுத்தது சிவப்பு. பிறகு பச்சை, மஞ்சள். அப்புறம் நீலம், பிரவுன். பிங்க், ஆரஞ்சு, பர்ப்பிள், கிரே எல்லாம் கடைசிப் பந்தி. பின்னால் வந்தவர்கள் இதில் நிறையத் திருத்தம் சொன்னார்கள், அது வேறு. மொழிகளே கடைசியில் பெயர் வைத்த கலர்களில் ஒரு நாலரை வயசு கோட்டை விட்டதற்குக் கண் டெஸ்ட்!

ஆரஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு ரொம்ப நாள் அந்தக் கலருக்குத் தனிப் பெயர் கிடையாது. அவர்கள் ஊரில் ராபின் என்று ஒரு குருவி. அதன் மார்பு நல்ல ஆரஞ்சு. ஆனால் பழைய ஆட்கள் அதற்கு 'ரெட்பிரெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். பழம் வந்து சேர்ந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் பழத்தின் பெயரைக் கலருக்கும் வைத்தார்கள். அந்தப் பெயரும் ஐரோப்பாவுக்கு பெர்சியா, அரேபியா வழியாகப் போனது. பின்னாலேயே போனால் சமஸ்கிருத 'நாரங்க'. அதற்கும் பின்னால் ஒரு திராவிட வேர் இருக்கும் என்று அகராதிக்காரர்கள் நினைக்கிறார்கள். நம்ம நாரத்தங்காய்ச் சங்கதி! ஊறுகாய் ஜாடியிலிருந்து கிளம்பிப் போன வார்த்தை, கவுன் தைக்கச் சொல்லி ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கடைசிக் கேள்வி, 'மை ஃபாதர்' என்று ஒரு படம். கலர் அடிக்க வேண்டும். வாண்டு அப்பா முகத்துக்குக் காப்பிக்கலர் அடித்திருந்தது. மச்சானை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அச்சு அசல். பக்கத்தில் சிவப்பு மையில், 'யூஸ் ஸ்கின் கலர்.'

ஸ்கின் கலர் என்று பென்சில் டப்பாவில் ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். லேசான ரோஸும் மஞ்சளும் கலந்தாற்போல. அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி, 'ஃபிளெஷ்' என்று வைத்திருந்த பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. தோல் என்றால் ஒரே கலரா என்று அவர்களுக்கே உறைத்துவிட்டது. இங்கே போடியில் அந்த வகுப்புச் சுவரில் நாற்பது அப்பாக்கள் தொங்குகிறார்கள். நாற்பது பேரும் வெள்ளைக்காரத் துரைகள். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கலரில் ஒரே ஒரு ஆளைத்தான் நாங்கள் படம் மாட்டிக் கும்பிடுகிறோம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895இல் தண்ணீர் கொண்டுவந்த பென்னிக்குயிக். அவர் பெயரில் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். அதற்காக மச்சானையும் பென்னிக்குயிக் ஆக்க முடியுமா?

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பெண் பார்க்கப் போய்விட்டு வந்து, "பொண்ணு நல்ல சிவப்பு" என்கிறோம். சிவப்பா அது? தொல்காப்பியத்தில் உரியியலைப் புரட்டினால் கறுப்பு, சிவப்பு இரண்டும் கோபத்தைக் குறிக்கும் சொற்கள் என்று இருக்கிறது. நிறத்தையும் குறிக்கும் என்பது அதற்கடுத்துத்தான். கல்யாணத் தரகர்கள் அதற்கப்புறம் சேர்த்தது மூன்றாவது அர்த்தம்.

இத்தனையும் நான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது திண்ணையில் அக்காவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். அத்தை முப்பது வருஷமாக ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்குகிறவர். போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கிறது அல்லவா? அங்கே சாம்பிள் காய்க்கு விலை வைப்பதில் பருமனுக்கு ஒரு பங்கு, பச்சைக்கு ஒரு பங்கு. வெயிலில் காய்ந்து பச்சை வெளுத்தால் காசு இறங்கிவிடும். அந்தப் பச்சையைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கிறவர்கள் அத்தை மாதிரிப் பெண்கள்.

அத்தை எழுந்து உள்ளே போனார். முறத்தில் ரெண்டு கை ஏலக்காய் போட்டு வாண்டின் முன்னால் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் கையால் பிரித்துக் காட்டினார், ரெண்டே ரெண்டு காய்.

வாண்டு உட்கார்ந்தது. கால் மணி நேரம். முறத்தில் நாலு குவியல். நல்ல பச்சை ஒன்று. கொஞ்சம் வெளிறியது ஒன்று. மஞ்சள் பாய்ந்தது ஒன்று. காப்பிக்கலரில் கருகினது ஒன்று. நாலாகப் பிரி என்று யாரும் சொல்லவில்லை.

"இதுக்கா கண்ணு தெரியலைன்னாய்ங்க?" என்றார் அத்தை.

"ஏன் அத்தை, பேசாமக் கையால காட்டுறீங்க? இது கிளிப்பச்சை, இது பாசிப்பச்சைன்னு சொல்லிக் குடுத்தா என்ன?" என்றேன்.

அத்தை அக்கா இருந்த பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பள்ளிக்கூடத்துல வீட்ல இங்கிலீசுலதான் பேசணும்ன்னுட்டாகளாம் தம்பி. நமக்கு அது வராதுல்ல? பச்சைன்னு சொல்லிப்புட்டா புள்ளை கெட்டுப் போயிரும்ங்கறா உங்க அக்கா. ரெண்டு மாசமாப் புள்ளைகிட்டப் பேசவே பயமா இருக்கு."

எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அத்தைக்குப் பச்சையிலேயே ஏழெட்டு வகை தெரியும். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை. மயில் கழுத்துக் கலர், வாடாமல்லிக் கலர், அரக்கு, பாக்குக் கலர், மாம்பழக் கலர், மிளகாய்ப்பழச் சிவப்பு. ஒவ்வொரு பெயரிலும் ஒரு சாமான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாமான். இந்த அத்தையை வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எட்டு சதுரம் போட்ட சார்ட்டை வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பியுங்கள் என்று யுனெஸ்கோ 1953இலேயே அறிக்கை போட்டுவிட்டது. பச்சை என்று ஒன்று மனசில் நிற்க வேண்டும். அப்புறம் அதற்கு 'கிரீன்' என்று இன்னொரு பெயர் வைப்பது ஒரு வாரத்து வேலை.

எதிர் வீட்டுப் பையன் முனிசிபல் ஸ்கூலில் ஒண்ணாங்கிளாஸ். 2022இல் அரசாங்கம் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு, கதை, விளையாட்டு என்று இங்கிலீஷும் உண்டு. அவன் தெருவில் கிடக்கிற இலையை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, "லீஃப்... கிரீன். லீஃப்... யெல்லோ" என்று வாண்டிடம் காட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் சொன்ன அதே வரிசை! அக்கா, "அவன்கூடச் சேராதே" என்று வாண்டை உள்ளே கூப்பிட்டாள். அவன் போவது ஃபீஸ் இல்லாத ஸ்கூல்.

மறுநாள் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். சண்டை போடும் உத்தேசத்தோடுதான் போனேன். வாசகம் எல்லாம் பஸ்ஸிலேயே தயார் செய்தாகிவிட்டது. போய்ப் பார்த்தால் இருபத்து மூணு, இருபத்து நாலு வயசுப் பெண். சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாராம். வகுப்பில் நாற்பது உருப்படி. ஒன்று அழுதுகொண்டிருந்தது. ஒன்று கிரேயானைத் தின்றுகொண்டிருந்தது.

"திராட்சை கறுப்புன்னு எனக்குத் தெரியாதா சார்? எங்க அப்பாவே திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போறவருதான்" என்றார். "ஆன்சர் கீயில கிரீன்னு இருக்கு. கரெஸ்பாண்டென்ட் செக் பண்ணுவாரு."

"அதுக்குக் கண் டெஸ்ட்னு எழுதறதா?"

"மூணு பேருக்கு எழுதினேன் சார். ஒருத்தனுக்கு நிஜமாவே கண்ணாடி போட்டிருக்காங்க. போர்டு தெரியாமலே இத்தனை நாள் உக்காந்திருந்திருக்கான்."

நான் தயார் செய்த வாசகம் அதோடு தீர்ந்துபோனது. டம்ளர், மூடி விஷயத்தைச் சொன்னேன். ஒரே மாதிரி சாமானை மூணு கலரில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், சாமான் பெயர் முதலில், கலர் அப்புறம் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், எனக்கே ஒரு டவுட். ரெயின்போ பாட்டுல வயலட்ன்னு வருது. சார்ட்ல பர்ப்பிள்ன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?"

இல்லை. வயலட் வானவில்லில் இருக்கிறது. பர்ப்பிள் சிவப்பும் நீலமும் கலந்தால் கண்ணுக்குத் தெரிவது, வானவில்லில் கிடையாது. சொன்னேன். "அப்ப இத்தனை நாளாத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேனா?" என்று மிஸ் முகம் வாடிவிட்டது. நாற்பது பேரும் ஊதா என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், கவலைப்படாதீர்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஜீப்பில் எல்லோரும் சுருளிப்பட்டி போனோம். அவர் சிநேகிதருக்கு அங்கே திராட்சைத் தோட்டம். முன் ஸீட்டில் அத்தையும் மடியில் வாண்டும். தேவாரம் தாண்டிப் பண்ணைப்புரம் வந்ததும் மச்சான் வழக்கம் போல இளையராஜா பாட்டுப் போட்டார். நான் பின்னால் உட்கார்ந்து அக்காவிடம் டார்வின் கதையை மூன்றாம் முறையாகச் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, பேசிட்டுப் போகட்டும்" என்றாள். முன்னால் அத்தைக்குக் கேட்டிருக்க வேண்டும். கோம்பை வருவதற்குள், மலை என்ன கலர், தூரத்து மலை ஏன் ஊதாவாகத் தெரிகிறது என்று ஆரம்பித்துவிட்டார். ரெண்டு மாசத்துப் பாக்கி.

பந்தலுக்கு அடியில் குனிந்துதான் நடக்க வேண்டும். வாண்டுக்கு மட்டும் நிமிர்ந்தே நடக்கிற உயரம். பந்தலில் ஒரு பக்கம் காய். நடுவில் ஒரு கொத்து, அதிலேயே பச்சை, ரோஸ், கறுப்பு மூன்றும். இலை மேல் மருந்தடித்த தடம், வெளிறிய நீலத்தில். "அது மயில்துத்தம், கழுவாமத் திங்கக் கூடாது பாப்பா" என்றார் தோட்டக்காரர்.

பழுத்த கொத்தில் ஒரு பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்தார். வாண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. "மாமா, இது பிளாக் இல்ல."

நானும் பார்த்தேன். பழத்தின் மேல் மெல்லிசாக மாவு பூத்தாற்போல ஒரு படலம் இருக்குமே, அதோடு பார்த்தால் கறுப்பு இல்லைதான். ஒரு மாதிரி நீலம். வாண்டு கட்டை விரலால் தேய்த்தது. தேய்த்த இடம் மட்டும் கருகருவென்று பளபளத்தது.

"கிரேப்ஸ்... ப்ளூ" என்றது. மறுபடி தேய்த்துவிட்டு, "கிரேப்ஸ்... பிளாக்."

அப்புறம் அதை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டி, "ஆயா, இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டது. அத்தை பழத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் காய் பார்த்த பார்வை.

"நாவப்பழக் கலர்டி தங்கம்."

திங்கட்கிழமை டிபன் பாக்ஸில் ஒரு கொத்து கழுவி வைத்து அனுப்பினார்கள். சாயங்காலம் பழைய வொர்க்ஷீட் திரும்பி வந்தது. முதல் கேள்வியில் பெருக்கல் குறியை அடித்துவிட்டு மிஸ் டிக் போட்டிருந்தார். பத்துக்கு அஞ்சு. வாழைப்பழம் இன்னும் யெல்லோதான். அதற்கு நான் இந்த வாரம் ஒரு சீப்பு ஜி-9 வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.